பூனைக்காலி விதையும் பார்க்கின் மரபணுவும்

குற்றாலத்தில் சாரல் காலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடக்கும் கடைகளுக்கு நடுவே நாட்டு மருந்துக் கடைகளும் இருக்கும். கடுக்காய், ஜாதிக்காய், நன்னாரி வேர், அமுக்கராக் கிழங்கு என்று வரிசையாக வைத்திருக்கும் தட்டுகளில் பூனைக்காலி விதையும் ஒன்று. நரம்புத் தளர்ச்சிக்கு நல்லது என்று சொல்லி விற்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காடுகளில் படரும் கொடி அது. காயின் மேலுள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் அரித்து எடுத்துவிடும். அகத்தியமலைப் பக்கத்துக் காணிக்காரர்கள் இந்த விதையைப் பலமுறை வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். அவர்கள் வடித்துக் கொட்டும் தண்ணீரில்தான் நாம் பேசப்போகும் முதல் மூலக்கூறு இருக்கிறது.

1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபா என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்து, 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார்கள். விதையின் எடையில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு அளவுக்கு அது இருக்கிறது. ஒரு தாவரப் பொருளுக்கு இது மிகப் பெரிய அளவு. ஐரோப்பாவில் 1913-லேயே ஒரு வகை அவரையில் இதே பொருளைக் கண்டிருந்தார்கள். ஆனால் இதனால் மனிதருக்கு என்ன பயன் என்று அன்று யாருக்கும் தெரியாது.

பயன் தெரிந்தது 1957-க்குப் பிறகு. அதற்கும் இன்னொரு இந்தியச் செடி உதவியது. சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன். முயல்கள் காது தொங்கி, அசையாமல் கிடந்தன. எல்-டோபாவைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. ரெசர்பின், மூளை செல்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற பொருளை வெறுமையாக்கியிருந்தது. மூளை எல்-டோபாவை டோபமைனாக மாற்றிக்கொண்டு அந்தக் குறையைத் தீர்த்தது. 1960-இல் வியன்னாவில் ஓலே ஹார்னிகீவிச், நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் மிகக் குறைந்திருப்பதைக் காட்டினார். 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ் டோபாவை வாய்வழியாக அதிக அளவில் கொடுத்து, முடங்கிக் கிடந்த நோயாளிகளை நடக்க வைத்தார். நடுக்குவாத நோயாளிகள் இன்றும் விழுங்கும் முதன்மை மாத்திரை இதுதான்.

ஆனால் எல்-டோபா, தீர்ந்துபோன டோபமைனை ஈடுகட்டும் மருந்து மட்டுமே. டோபமைனைச் சுரக்கும் செல்கள் அதன் பிறகும் செத்துக்கொண்டேதான் இருக்கின்றன. மாத்திரையின் அளவு ஏறுகிறது, வேலை செய்யும் நேரம் குறைகிறது, சில ஆண்டுகளில் கைகால் தானாக நெளியத் தொடங்குகிறது. அந்தச் செல்கள் ஏன் சாகின்றன என்ற கேள்விக்கு விதையில் விடை கிடையாது. விடையின் முக்கியமான துண்டுகள் மரபணுக்களிலிருந்து வந்தன. அவற்றில் முதன்மையான ஒன்று, நம் தென்காசிப் பக்கத்தில் வழக்கமாக நடப்பதைப் போன்ற சொந்தத் திருமணங்கள் நடந்த குடும்பங்களிலிருந்து வந்தது.

சாகும் செல் எது என்று முதலில் பார்த்துவிடலாம். நடு மூளையில், சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கறுத்த பட்டையில் டோபமைன் செல்கள் இருக்கின்றன. மொத்த மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்க, இங்கே இருப்பவை நான்கைந்து லட்சம் மட்டுமே. அவற்றில் பாதியளவு அழியும்போதுதான் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் நடைத் தளர்வும் வெளியே தெரிகின்றன. அதாவது நோயாளி மருத்துவரிடம் வந்து உட்காரும் நாளில், நோய்க்குப் பல ஆண்டு வயதாகியிருக்கும்.

இந்தச் செல் சுமக்கும் பாரம் அசாதாரணமானது. ஒரே செல்லின் ஆக்சான் இழை கிளை கிளையாகப் பிரிந்து, எல்லாக் கிளைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் நான்கு மீட்டருக்கு மேல் நீள்கிறது. அதன் முனைகளில் 10 முதல் 24 லட்சம் வரை இணைப்புகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். யாரும் தூண்டாமலேயே அது இடைவிடாமல் மின்துடிப்பு எழுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் உள்ளே பாய்கிறது. பாய்ந்ததை வெளியேற்ற ஆற்றல் வேண்டும். ஆற்றல் தருபவை மைட்டோகாண்ட்ரியாக்கள். அவை உழைக்க உழைக்க ஆக்சிஜனின் வீரியமான கழிவுகள் பிறக்கின்றன. டோபமைனும் சாதுவான பொருள் அல்ல: செல்லுக்குள் உள்ள சவ்வுப்பைகளில் அடைபடாமல் கசிந்தால் ஆக்சிஜனோடு வினைபுரிந்து நச்சாக மாறக்கூடியது. ஆக, நலமாக இருக்கும்போதே இந்தச் செல் விளிம்பில் நின்றுதான் உழைக்கிறது. கொஞ்சம் பிசகினாலும் முதலில் விழுவது இதுவே.

மைட்டோகாண்ட்ரியாவுக்கும் இந்தச் சாவுக்கும் தொடர்பு உண்டு என்பது ஒரு விபரீதத்தால் வெளிப்பட்டது. 1982-இல் கலிபோர்னியாவில் போதை மருந்து ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று உறைந்துபோனவர்களைப் போல் மருத்துவமனைக்கு வந்தார்கள். போதைப் பொருளில் எம்பிடிபி என்ற கலப்பு இருந்தது. மூளைக்குள் அது உருமாறி டோபமைன் செல்களுக்குள் மட்டும் நுழைந்து, மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் சங்கிலியில் முதல் கண்ணியை நிறுத்தியிருந்தது. நஞ்சு எந்த இடத்தில் அடிக்கும் என்று இதனால் தெரிந்தது. நஞ்சே இல்லாமல் சாகும் லட்சக்கணக்கானவர்களின் செல்களில் என்ன நடக்கிறது என்பது தெரியவில்லை.

1973-இல் ஜப்பானில் யமமுராவும் உடன் பணியாற்றியவர்களும் சில குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். நோயாளிகள் இளைஞர்கள். காலையில் தூங்கி எழுந்தால் ஓரளவு நன்றாக நடப்பார்கள், மாலையாக ஆகக் கால் இழுக்கும். பெற்றோருக்கு நோய் இல்லை. பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இருந்தது. பெற்றோர் பலர் நெருங்கிய உறவில் மணந்தவர்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பிறழ்வு வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும் ஒடுங்கு மரபணு நோயின் முகம் அது. 1998-இல் கிட்டாடா, மிசுனோ, ஷிமிசு ஆகியோரின் குழு, ஆறாவது குரோமோசோமில் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தது. பார்க்கின் என்று பெயரிட்டார்கள். கிட்டத்தட்ட 14 லட்சம் எழுத்து நீளம் கொண்ட மிகப்பெரிய மரபணு அது. நோயாளிகளிடம் அதன் பகுதிகள் முழுசாகவே காணாமல் போயிருந்தன.

இங்கே நம் ஊர்க் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் ரத்த உறவில் மணம் முடித்தவர்கள். நாட்டிலேயே இதுதான் அதிகம். மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் பொதுவான பாட்டி ஒருவரிடம் ஒரு பழுதான பார்க்கின் பிரதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பேரன் பேத்தி ஒவ்வொருவரிடமும் அது வந்திருக்க வாய்ப்பு நான்கில் ஒன்று. இருவரிடமும் இருக்க வாய்ப்பு 16-இல் ஒன்று. அப்படி இருந்தாலும் பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாக வந்து சேர வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆக 64-இல் ஒன்று. அக்கா மகளைக் கட்டிய தாய்மாமனின் பிள்ளைக்கு இதே கணக்கு 32-இல் ஒன்று. இந்த எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை: பாட்டியிடம் பழுது இருந்த குடும்பத்திலும் 64-இல் 63 பங்கு நோய் வராத பக்கமே. ஆனால் பழுது எந்த வீட்டில் இருக்கிறது என்று வெளியே தெரிவதில்லை.

சொந்தத்தில் கட்டாதவர்களும் இதற்கு முழுக்க வெளியே இல்லை. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் கே. தங்கராஜ் உள்ளிட்டோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களில் 81 குழுக்கள், அஷ்கெனாசி யூதர்களிலும் பின்லாந்துக்காரர்களிலும் உள்ளதைவிடச் சிறிய முன்னோர் கூட்டத்திலிருந்து வந்தவை என்று தெரிந்தது. தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே மணந்ததால், உறவு தெரியாத இருவருக்கும் பழைய பாட்டன் ஒருவர் பொதுவாக இருக்கக்கூடும்.

இனி அந்த மரபணு செல்லுக்குள் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். பார்க்கின் ஒரு நொதி. பிற புரதங்களின் மேல் யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டுவது அதன் வேலை. அப்படி ஒட்டப்பட்டவை பெரும்பாலும் அழிவுக்குக் குறிக்கப்பட்டவை. ஆனால் எதை, எப்போது? அதைச் சொல்ல இரண்டாவது மரபணு வர வேண்டியிருந்தது. சிசிலித் தீவின் ஒரு குடும்பத்தில் தொடங்கிய தேடல் 2004-இல் பிங்க்-1 என்ற மரபணுவில் முடிந்தது. இதுவும் ஒடுங்கு நோய். நோயாளிகள் இதிலும் இளையவர்கள். 2006-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் பழ ஈக்களில் பிங்க்-1-ஐ நீக்கிப் பார்த்தன. ஈக்களின் பறக்கும் தசை சிதைந்து சிறகு தொங்கியது, மைட்டோகாண்ட்ரியாக்கள் வீங்கிக் கிடந்தன. பார்க்கினைக் கூடுதலாகக் கொடுத்தபோது ஈக்கள் தேறின. பார்க்கின் இல்லாத ஈக்களுக்கு பிங்க்-1-ஐக் கூடுதலாகக் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. ஆணை பிறப்பிப்பது பிங்க்-1, நிறைவேற்றுவது பார்க்கின் என்று இதனால் உறுதியானது. நோயாளிகளின் குடும்ப வரலாற்றை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டு போராடியிருந்தாலும் இந்த வரிசை கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்த ஆணை பிறக்கும் விதத்தை ஓர் உவமையால் பார்க்கலாம். ஒரு வீட்டு வாசலில் காலையில் பால் பாக்கெட் போடுகிறார்கள். வீட்டில் ஆள் நலமாக இருந்தால் ஆறு மணிக்குள் அது உள்ளே போய்விடும். உச்சிப்பொழுதாகியும் பாக்கெட் வாசலிலேயே கிடந்தால், அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். பிங்க்-1 அந்தப் பாக்கெட். செல் அதை ஓயாமல் தயாரித்து ஒவ்வொரு மைட்டோகாண்ட்ரியாவுக்கும் அனுப்புகிறது. நலமான மைட்டோகாண்ட்ரியா தன் உள்சவ்வின் மின்னழுத்தத்தால் அதை உள்ளே இழுத்து வெட்டி அழித்துவிடும். பழுதடைந்த ஒன்றால் இழுக்க முடியாது. பிங்க்-1 வெளிச்சவ்வில் தேங்கி, அங்குள்ள யூபிக்விட்டின் மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதுவரை சுருண்டு செயலற்றுக் கிடந்த பார்க்கின் அதைக் கண்டு வந்து விழிக்கிறது. மேலும் மேலும் யூபிக்விட்டினை ஒட்டுகிறது. பிறகு அந்த மைட்டோகாண்ட்ரியாவை ஒரு சவ்வுப்பை சுற்றிக்கொண்டு, செல்லின் செரிமான அறையான லைசோசோமுக்குக் கொண்டுபோகிறது. பழுதான மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப் பார்க்கின் போவதை 2008-இல் டெரக் நரேந்திரா, ரிச்சர்ட் யூல் குழு செல்களில் நேரில் காட்டியது.

இரண்டு பிரதியும் பழுதானவரிடம் இந்தக் கழிவகற்றல் நடப்பதில்லை. உடைந்த மைட்டோகாண்ட்ரியாக்கள் அப்படியே கிடக்கின்றன. ஆற்றல் குறைகிறது, நச்சுக் கழிவு கூடுகிறது, அது பக்கத்தில் நலமாக இருப்பவற்றையும் கெடுக்கிறது. சேதம் ஒரு எல்லையைத் தாண்டினால் சவ்வு உடைந்து சைட்டோகுரோம்-சி என்ற புரதம் கசியும். அதுவே செல் தன்னைத்தானே கலைத்துக்கொள்வதற்கான ஆணை. தோல் செல்லோ குடல் செல்லோ செத்தால் புதிது வந்துவிடும். நடு மூளையின் டோபமைன் செல் நாம் பிறக்கும்போது கிடைத்தது. அதுவே கடைசி வரை உழைக்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு புதிரும் இருக்கிறது. பார்க்கின் மரபணுவை நீக்கிய எலிகளின் டோபமைன் செல்கள் மனிதரைப் போல் சாவதில்லை. எலியின் வாழ்நாள் இரண்டு மூன்று ஆண்டு, அதன் ஆக்சானும் சிறியது. முப்பது ஆண்டு சேரும் குப்பைதான் கொல்கிறது என்றால், எலிக்கு அதற்கு நேரம் போதவில்லை.

மற்ற மரபணுக்களும் இதே வட்டாரத்தில்தான் சுற்றுகின்றன. தெற்கு இத்தாலியின் காண்டூர்சி ஊரிலிருந்து கிளம்பிய ஒரு பெரிய குடும்பத்தில் 1997-இல் ஆல்பா-சைநியூக்ளின் மரபணுவில் பிறழ்வு கண்டார்கள். அதே ஆண்டு, நோயாளிகளின் செல்லுக்குள் காணப்படும் லூயி உருண்டைகள் இந்தப் புரதத்தின் கட்டிகளே என்று மரியா கிராசியா ஸ்பில்லாண்டினி காட்டினார். அமெரிக்காவின் அயோவாவில் ஒரு குடும்பத்தில் எழுத்துப் பிறழ்வே இல்லை. மரபணு மும்மடங்காகியிருந்தது. நல்ல புரதமும் அளவுக்கு மீறினால் செல்லைக் கொல்கிறது என்பது பயங்கரமான செய்தி. ஜிபிஏ-1 என்ற மரபணு லைசோசோமின் நொதி ஒன்றை உருவாக்குவது. அதில் ஒரு பிரதி பழுதானாலே லைசோசோம் மந்தமாகி, கழிவும் சைநியூக்ளினும் தேங்குகின்றன. எல்ஆர்ஆர்கே-2 பிறழ்வில் நொதியின் வேகம் கூடிவிடுகிறது, அதுவும் லைசோசோமின் வேலையைக் கெடுக்கிறது. புதிதாகப் படிப்பவர்களுக்கு இத்தனை பெயர்களும் தலை சுற்றும். ஆனால் பாதைகள் இரண்டுதான்: மைட்டோகாண்ட்ரியா கெடுவது ஒன்று, குப்பையைச் செரிக்கும் அறை கெடுவது மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று மோசமாக்குபவை. ஒற்றை மரபணுவால் வரும் நோய் மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்கே. மீதமுள்ளோரிடம் எந்தத் தனிப் பிறழ்வும் தென்படாவிட்டாலும், அவர்கள் செல்களிலும் இதே இரண்டு இடங்கள்தான் பழுதடைகின்றன. அந்தச் சில குடும்பங்கள் பட்ட பாடு மற்ற எல்லாருக்கும் வழி காட்டியிருக்கிறது.

தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் பீடி சுற்றிப் பிழைக்கிறார்கள். விரல் நுனியின் வேகமே அவர்களுடைய கூலி. டோபமைன் குறையத் தொடங்கும் பெண்ணுக்கு முதல் அறிகுறி, நாளுக்கு நாள் சுற்றும் பீடியின் எண்ணிக்கை சரிவதாக இருக்கலாம். முப்பது வயதில் கால்விரல் உள்நோக்கி மடங்குவதும் செருப்பு நழுவுவதும் நடுக்குவாதமாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. சோம்பல், மனக்கோளாறு, செய்வினை என்று வருடங்கள் போய்விடும். இந்த வருடங்கள்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருபவை. ஏனென்றால் பார்க்கின் பிறழ்வு உள்ளவர்களின் நோய் பொதுவாக மெதுவாக நகர்வது. குறைந்த அளவு எல்-டோபாவுக்கே நன்றாகக் கேட்பது. நினைவாற்றலைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆழ்மூளைத் தூண்டல் அறுவைக்கும் அவர்கள் பொருத்தமானவர்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலும், செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாகப் போனால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்திலும் நரம்பியல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அங்கே போனால் முதலில் செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதுவும் ஒடுங்கு மரபணு நோய், இளம் வயதில் இதே உருவில் வரக்கூடியது, சீக்கிரம் பிடித்தால் மருந்தால் அடங்குவது. அதை விட்டுவிட்டு நேரே மரபணுச் சோதனைக்கு ஓடக்கூடாது.

பூனைக்காலிப் பொடியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதில் இருப்பது உண்மையான எல்-டோபா. அதனால்தான் எச்சரிக்கை. விதைக்கு விதை அளவு மாறும். மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிவதும் கைகால் நெளிவதும் கூடும். மருத்துவருக்குத் தெரியாமல் அதை எடுத்துக்கொள்வது ஆபத்து.

நோய் வந்த பெண்ணின் மேலோ, சொந்தத்தில் கட்டிவைத்த பெரியவர்கள் மேலோ பழி போடுவதில் எந்த நியாயமும் இல்லை. பழுதான பிரதி ஒன்றோடு தாங்கள் நலமாக வாழ்ந்ததை அவர்கள் எப்படி அறிந்திருக்க முடியும்? தெரிந்த பிறகு செய்யக்கூடியது இருக்கிறது: உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நோய் வர வாய்ப்பு நான்கில் ஒன்று என்பதைச் சொல்லி, விரும்பினால் மரபியல் ஆலோசனைக்கு அனுப்புவது, அடுத்த தலைமுறை அதே உறவுக்குள் கட்டுவதற்கு முன் யோசிக்கச் சொல்வது.

சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. பார்க்கினில் எழுத்து மாறுவதைவிட, பெரும்பகுதிகள் விடுபடுவதும் இரட்டிப்பதும் சகஜம். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் போகும் சாதாரணச் சோதனை, ஒரு பிரதியில் விடுபட்டதை மற்றொரு பிரதியின் எழுத்துகளைக் கொண்டு நிரப்பிக்கொண்டு, எல்லாம் சரி என்று சொல்லிவிடக்கூடும். பகுதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும் எம்எல்பிஏ சோதனையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இன்னொரு சிக்கல், பிறழ்வுப் பட்டியல்களே பெரும்பாலும் மேற்கத்தியருடையவை என்பது. உலகில் அதிகம் பேசப்படும் எல்ஆர்ஆர்கே-2 பிறழ்வு வட ஆப்பிரிக்க அரபு நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் உள்ளது. இந்திய நோயாளிகளில் தேடியவர்களுக்கு அது கிட்டத்தட்டக் கிடைக்கவே இல்லை. 2023-இல் நைஜீரிய நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஐரோப்பியரிடம் தென்படாத ஒரு ஜிபிஏ-1 மாற்றம் வெளிவந்தது. அதுவரை அங்கே யாரும் பார்க்காததால்தான் அது தெரியாமல் இருந்தது. 2019-இல் தொடங்கிய உலகப் பார்க்கின்சன் மரபியல் திட்டம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களைப் படிக்க முனைகிறது. இந்திய மையங்களும் அதில் இணைந்திருக்கின்றன.

தென்காசியிலிருந்து போகும் ஒரு ரத்த மாதிரிக்கு, 'பொருள் தெளிவற்ற மாற்றம்' என்று அறிக்கை வரலாம். அந்த எழுத்து மாற்றம் நோயைத் தருமா, வெறும் வேறுபாடா என்று சொல்லப் போதிய இந்திய மரபணுக்கள் இன்னும் படிக்கப்படவில்லை என்று அதற்குப் பொருள். அப்போது நோயாளியின் மாதிரி மட்டும் போதாது. நோயுள்ள தம்பியிடம் அதே மாற்றம் இரண்டு பிரதியிலும் இருக்கிறதா, நோயில்லாத அக்காவிடம் ஒன்றில் மட்டும் இருக்கிறதா, அம்மா அப்பா இருவரும் ஆளுக்கு ஒன்று தந்திருக்கிறார்களா என்று பார்த்தால்தான் விடை நகரும். குடும்பத்தில் ஐந்தாறு பேர் ஆளுக்குச் சில மில்லிலிட்டர் ரத்தம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.